தவறான வரியைத் தேடும் வீட்டுப்பாடம்

பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் விடைகள் இருக்கின்றன. வழிமுறை வேண்டுமென்றால் கடையில் கைடு கிடைக்கிறது. கணக்கைக் கைப்பேசியில் படம் பிடித்தால் படிப்படியாகத் தீர்த்துக் கொடுக்கும் செயலிகளும் வந்து பத்தாண்டுகள் ஆகிவிட்டன. நிலைமை இப்படியிருக்க, ‘பயிற்சி முழுவதையும் போட்டுக்கொண்டு வா’ என்ற பழைய வீட்டுப்பாடம் பிள்ளைகளிடம் வாங்குவது பெரும்பாலும் எழுத்து வேலையைத்தான்.

இயற்கணிதத்திலும் முக்கோணவியலிலும் இது பெரிய இழப்பு. இங்கே ஒவ்வொரு வரியும் முந்தைய வரியிலிருந்து ஒரு காரணத்தோடு வரவேண்டும். காரணம் நழுவினாலும் நோட்டு அழகாகவே இருக்கும்.

ஓர் எண்ணின் வர்க்கம் அதன் ஐந்து மடங்குக்குச் சமம். அந்த எண் எது? இருபுறமும் அந்த எண்ணாலேயே வகுத்து, 5 என்று எழுதி முடிப்பவர்கள் பலர். 5 சரிதான். ஆனால் 0-வும் விடை. பூச்சியத்தால் வகுக்கக் கூடாது என்பதால், வகுத்த அந்த வரியிலேயே ‘இந்த எண் பூச்சியம் இல்லை’ என்று நாமாக முடிவுகட்டிவிடுகிறோம். எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்து காரணிப்படுத்தியிருந்தால் இரண்டு மூலங்களும் கிடைத்திருக்கும்.

முக்கோணவியலில் இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். கோபுரத்தின் அடியிலிருந்து 30 மீட்டர் தள்ளி நின்றால், உச்சியின் ஏற்றக்கோணம் 30°. டேன் 30°-ன் மதிப்பு 1/√3. ஆகவே உயரம் 10√3, சுமார் 17.32 மீட்டர். அட்டவணையை உருப்போட்ட பிள்ளை இடம் மாறி டேன் 60°-ன் மதிப்பைப் போட்டால் 51.96 மீட்டர் வரும். பெருக்கலில் ஒரு பிழையும் இருக்காது. படம் வரைந்தவருக்கோ அந்த விடை உடனே உறுத்தும். கோணம் 45° ஆக இருந்தால்தான் உயரமும் தொலைவும் சமம். 30°-க்கு உயரம் 30 மீட்டரைவிடக் குறைவாகத்தானே இருக்க முடியும்? சைன் 30°-ஐயும் சைன் 60°-ஐயும் கூட்டினால் சைன் 90° வந்துவிடும் என்று நினைப்பதும் இதே வகைதான். கூட்டினால் 1.366, சைன் மதிப்போ 1-ஐத் தாண்டாது.

இந்த உறுத்தலைப் பழக்குவதுதான் வீட்டுப்பாடத்தின் வேலை என்பது என் உறுதியான கருத்து. இருபது கணக்குக்குப் பதில் நான்கு போதும். அதில் ஒன்றை ஆசிரியரே பிழையோடு தீர்த்துக் கொடுத்து, ‘எந்த வரியில் தவறு, ஏன்?’ என்று கேட்கட்டும். நாற்பது நோட்டில் இருபது கணக்கு என்றால் எண்ணூறு. யார் வரிவரியாகத் திருத்த முடியும்? சிவப்பு மையில் ஒரு ‘டிக்’ விழுவதற்கு ஆசிரியரைக் குறைசொல்லிப் பயனில்லை. கணக்கு தெரியாத அம்மாவும்கூட, ‘இந்த வரி எப்படிப்பா வந்தது?’ என்று கேட்கலாம். பார்த்து எழுதிய பிள்ளை அங்கே திணறும்.

பாடநூலில் ஆங்காங்கே வரும் ‘சிந்தனைக் களம்’ கேள்விகள் இந்த வழியில் போகக்கூடியவைதான். பாடத்தை முடிக்கிற அவசரத்தில் அவற்றைத் தாண்டிப் போய்விடுகிறோம். அடுத்த பதிப்பிலாவது ஒவ்வொரு பயிற்சியின் முடிவிலும் பிழையோடு தீர்த்த கணக்கு ஒன்றைச் சேர்க்கலாம். அதற்கு மட்டும் கடைசிப் பக்கத்தில் விடை அச்சிட வேண்டாம்.