எங்கள் தெருவில் யாரும் பேசாத தமிழ்

மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கும், மாநில மனநல ஆணையத்தின் தலைவராகவும் இருக்கும் துறைச் செயலாளர் அவர்களுக்கும்,



என் தங்கையின் மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கான மூன்றாவது முயற்சியாக மருத்துவக் குழுவின் முன்னால் போய் நிற்கப்போகிறோம். அதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். "அவள்" என்று ஒருமையில் சொல்வது என் வசதிக்காக.

அவளுக்கு இருப்பதை டிஐடி என்கிறார்கள். தமிழில் விலகல் அடையாளக் கோளாறு என்று எழுதுகிறார்கள். தெருவில் ஸ்பிலிட் பர்சனாலிட்டி. மனச்சிதைவு வேறு, இது வேறு. படித்தவர்களே இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள். பிள்ளைப் பருவத்தில் தாங்க முடியாத ஒன்று திரும்பத் திரும்ப நடக்கும்போது, ஒரே ஆளாகத் திரள வேண்டிய மனம் திரளாமல் தனித்தனி ஆட்களாகவே நின்றுவிடுகிறது. ஒருவர் முன்னால் வந்திருக்கும்போது நடந்தது மற்றவருக்குப் பெரும்பாலும் நினைவிருப்பதில்லை. அடுப்பில் பாலை வைத்தவள் ஒருத்தி, அது பொங்கி வழிவதைப் பார்த்துத் திகைத்து நிற்பவள் இன்னொருத்தி. எங்கள் வீட்டில் இது வாரத்துக்கு இரண்டு முறை நடக்கும்.

எட்டு வயதிலிருந்து பதின்மூன்று வயதுவரை என் தங்கை ஒரு பெரிய வீட்டில் வேலைக்கு நின்றாள். அங்கே நடந்ததை நான் எழுதப்போவதில்லை, அதற்கு அவள் சம்மதம் தரவில்லை. இன்று அவளுக்கு முப்பத்து நான்கு. அவளுக்குள் எட்டு வயதுப் பிள்ளை ஒருத்தி இருக்கிறாள். எங்கள் தெருவில் யாரும் பேசாத தமிழைப் பேசும் ஓர் அம்மாளும் இருக்கிறார். அந்த அம்மாள் முதன்முதலாக என் முன்னால் வந்த அன்று நான் காபி கலந்து கொண்டுபோனேன். "அங்கயே நில்லு. உனக்குத் தனி டம்ளர் இருக்குல்ல, அதுல ஊத்திக்கோ" என்றார். ஒரே வயிற்றில் பிறந்தவளின் வாயிலிருந்து அதைக் கேட்டேன். தம்ளரோடு வாசற்படியிலேயே நின்றேன், ஐயா. வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

முதல் முறை விண்ணப்பம் கொடுக்கப் போன அன்று கவுண்டரில் முன்னால் வந்தது அந்த அம்மாள்தான். "கம்யூனிட்டி?" என்று கேட்ட எழுத்தரிடம் தன் சாதியைச் சொன்னார். கூடவே இணைத்திருந்த சாதிச் சான்றிதழில் எங்கள் சாதி இருந்தது. தவறான தகவல் என்று எழுதி விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டார்கள். அந்த எழுத்தர் மீது எனக்குக் கோபமில்லை. கட்டத்தில் ஒரு பதில்தான் எழுத முடியும்.

இரண்டாவது முறை மருத்துவரே பார்த்தார். அம்மாள் பேசிய தமிழைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "சந்திரமுகி எத்தனை தடவை பார்த்துச்சு?" என்றார் என்னிடம். அதன் பிறகு அவளிடம் அவர் எதுவும் கேட்கவில்லை.

அந்தச் சிரிப்பால்தான் நான் அந்தப் படங்களையெல்லாம் உட்கார்ந்து பார்த்தேன். 1993இல் வந்த மூலப்படம் மலையாளத்து ‘மணிச்சித்ரத்தாழ்’. அதில் மலையாளப் பெண்ணுக்குள்ளிருந்து சீறிக்கொண்டு வருபவள் தஞ்சாவூர் நாட்டியக்காரி, பேசுவது தமிழ். 2004இல் கன்னடத்தில் அவள் தெலுங்குக்காரி ஆனாள். 2005இல் நம் ‘சந்திரமுகி’யிலும் தெலுங்குதான். 2007இல் இந்திக்குப் போனபோது வங்காளி. கதை ஒன்று, நோய் ஒன்று. உள்ளிருந்து வரும் ஆள் மட்டும் எல்லை தாண்டும்போதெல்லாம் அடுத்த மொழிக்காரி ஆகிறாள். நமக்குத் தெலுங்குக்காரி எப்படியோ, கேரளத்துக்கு நாம் அப்படி! இதே நோயைப் பற்றி 2005இல் வந்த இன்னொரு படத்துக்குப் பெயரே ‘அந்நியன்’. நம் மொழியில், நம் வீட்டுப் பெண்ணாகவே நின்று ஒருத்தி ஆத்திரப்படலாம் என்று ஏனோ இந்தப் படங்கள் எதற்கும் தோன்றவில்லை.

சினிமா என்று இதைத் தள்ளிவிட வேண்டாம். அமெரிக்காவின் ஒஹாயோவில் 1977இல் கைதான பில்லி மில்லிகன் என்ற வெள்ளையருக்குள் 24 பேர் இருந்ததாகச் சொன்னார்கள்; 1978இல் நீதிமன்றம் மனநிலையைக் காரணம் காட்டி அவர் குற்றவாளி அல்ல என்று தீர்ப்பளித்தது. அவர் நடித்தாரா என்ற சச்சரவு இருக்கட்டும். அந்த 24 பேரில் முடிவுகளை எடுப்பவர் பிரிட்டிஷ் உச்சரிப்போடு பேசும் ஆங்கிலேயர். வெறுப்பைச் சுமப்பவர் யூகோஸ்லாவியாக்காரர். பனிப்போர்க் காலத்து அமெரிக்காவில் நிர்வாகம் ஆங்கிலேயரிடமும் முரட்டுத்தனம் கம்யூனிஸ்ட் நாட்டவரிடமும் போய்ச் சேர்ந்தது தற்செயலா? யார் ஆள்பவர், யாருக்கு அஞ்ச வேண்டும், யாரைத் தொடக்கூடாது என்று ஊர் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லிக்கொடுத்துவிடுகிறது. உடைந்த மனம் அங்கிருந்துதான் ஆட்களை எடுத்துக்கொள்கிறது. என் தங்கைக்கு எட்டு வயதில் தெரிந்த ஒரே அதிகாரம் அந்த வீட்டம்மாள். அந்த வீட்டில் அடிபடாதவரும் அவர் ஒருவரே. பிள்ளை அவராகிக்கொண்டாள். இதை நடிப்பு என்று எழுதினால் அந்த ஐந்து வருடங்களையும் சேர்த்தே அடித்துவிடுகிறீர்கள்.

மருத்துவமனைக்குப் போவதற்கு முன்பு கோடங்கியிடமும் போனோம், மறைப்பானேன். அவர் உடுக்கையை அடித்து, "யாரு நீ? எந்த ஊரு? என்ன சாதி?" என்று கேட்டார். மருத்துவர் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள். ஆனால் பதில் வந்ததும் வேப்பிலையால் அடித்து, "வெளிய போ" என்றார். அடி விழுந்தபோது முன்னால் வந்தது அந்த அம்மாள் இல்லை, எட்டு வயதுப் பிள்ளை. நான் அவளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். டிஐடி சிகிச்சைக்கு உலக அளவில் வகுத்திருக்கும் நெறிமுறைகள் அந்த மருத்துவரும் கோடங்கியும் செய்யாததைத்தான் சொல்கின்றன: உள்ளே இருக்கும் ஒவ்வொருவரும் சொல்வதைக் கேள், ஒருவரையும் துரத்தாதே, இவர்தான் அசல் மற்றவர் போலி என்று பிரிக்காதே. இதற்கென்று தனி மாத்திரை கிடையாது. வருடக்கணக்கில் பேச வேண்டும். மாவட்ட மருத்துவமனை மனநலப் புறநோயாளிப் பிரிவில் எங்களுக்கு ஒரு தடவைக்கு ஏழெட்டு நிமிடம் கிடைக்கிறது.

சட்டம் மோசமில்லை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, நோயை உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் போன்ற ஏற்கப்பட்ட அளவுகோல்படி முடிவு செய்யச் சொல்கிறது. ஒருவரின் சமூக நிலையையோ பண்பாட்டு, இன, மதக் குழுவையோ வைத்து முடிவு செய்யக்கூடாது என்கிறது. 18ஆம் பிரிவு சிகிச்சையில் சாதிப் பாகுபாடு கூடாது என்கிறது.   உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் டிஐடிக்குத் தனி எண் உண்டு, வெளி ஆவி ஏறியதாக உணரும் நிலைக்கு வேறு எண் உண்டு. கோயில் கொடையில் சாமியாடுபவரை அது நோயாளி என்று சொல்லவில்லை. இவ்வளவு நுட்பமாகப் பிரித்துவைத்திருப்பதை எங்கள் மாவட்டத்தில் யாருக்காவது பயிற்சியாகக் கொடுத்தீர்களா?

ஊனத்தின் அளவை ஐடியாஸ் என்ற அளவுகோலில் கணக்கிடுகிறார்கள். தன்னைப் பார்த்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேச்சும் புரிதலும், வேலை என்று நான்குக்கும் மதிப்பெண், நோய் இருந்த காலத்துக்குத் தனி மதிப்பெண். 40 சதவீதம் வந்தால்தான் சலுகைகளின் கதவு திறக்கும். அந்த அம்மாள் முன்னால் இருந்தால் என் தங்கைக்கு ஒரு குறையும் இல்லை. மிடுக்காக உட்கார்ந்து குழுவையே விசாரிப்பார். பிள்ளை வந்தால் பாவாடை நாடா கட்டத் தெரியாது. ஒரே நாளில், ஒரே அமர்வில் போடும் மதிப்பெண் இவர்களில் யாருடையது? குறைந்தது மூன்று வெவ்வேறு நாட்களில் பார்க்கச் சொல்லி ஓர் அரசாணை போடுங்கள். கூட வாழ்பவர்கள் எழுதிவைத்திருக்கும் நாட்குறிப்பையும் வாங்கிப் படிக்கச் சொல்லுங்கள். என்னிடம் நான்கு நோட்டு நிறைய இருக்கிறது.

இன்னொன்று எனக்கே விடை தெரியாதது. எதிர்காலத்தில் தனக்கு எப்படிச் சிகிச்சை தரலாம், எப்படித் தரக்கூடாது என்று வயது வந்த எவரும் முன்கூட்டியே எழுதிவைக்கலாம் என்கிறது 5ஆம் பிரிவு. என் தங்கை எழுதினாள்: கட்டிப்போடக்கூடாது, ஆண் உதவியாளர் தனியாக வரக்கூடாது. அந்த அம்மாள் நோட்டை எடுத்து அதன் கீழேயே எழுதினார்: இவளை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய் விடுங்கள். இரண்டும் ஒரே கைவிரல்கள் எழுதியவை. இதைப் பதிவுசெய்யும்போது நான் எந்தப் பக்கத்தைக் காட்டுவது? ஆணையத்தில் மனம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு மத்தியானம் உட்கார்ந்து யோசித்து, ஒரு வழிகாட்டுக் குறிப்பு எழுதுங்கள்.

அந்த அம்மாளைப் பற்றி ஒரு சொல். ஆரம்பத்தில் அவர் போய்த் தொலைய வேண்டும் என்று வேண்டாத தெய்வமில்லை. ஆறு வருடமாக ஓர் ஆலோசகரிடம் மாதம் இரண்டு முறை போகிறோம், சொந்தக் காசில். போன பொங்கலுக்கு அம்மாள் வந்து அடுக்களை வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "நீயும் உக்காரு" என்றார். தம்ளரைப் பற்றி அன்று பேச்செழவில்லை.

குழு அடுத்த மாதம் கூடுகிறது. இந்த மடலுக்குப் பதில் போட்டால் தமிழிலேயே போடுங்கள், எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். தபால் வரும் நேரத்தில் வீட்டில் பெரும்பாலும் அந்தப் பிள்ளைதான் இருப்பாள். அவள் இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறாள்.

இப்படிக்கு,
அவளுடைய அக்கா