சரியாகச் சொன்னவரும் தோற்றார்!

ஒரு பொருளின் விலை அநியாயமாக ஏறி நிற்கிறது. ஒருநாள் அது இறங்கியே தீரும். இது ஒருவருக்கு நன்றாகத் தெரிகிறது. தெரிந்தால் மட்டும் போதுமா? அதை வைத்துப் பணம் சம்பாதித்துவிட முடியுமா?

அது அவ்வளவு சுலபம் அல்ல. அமெரிக்காவில் நடந்த கதை அதற்குச் சாட்சி. அங்கே பெரிய கெட்டிக்காரர்கள் கணக்கைச் சரியாகத்தான் போட்டார்கள். ஆனாலும் கோடி கோடியாக இழந்தார்கள்.

இரவல் வாங்கி விற்பது

பங்கு மார்க்கெட்டில் ஒரு வியாபாரம் உண்டு. அதன் பெயர் "ஷார்ட் செல்லிங்". பிறருடைய பங்கை இரவல் வாங்கி விற்பதே அது.

ஒரு சின்ன உதாரணம். ஒருவர் அடுத்த வீட்டில் ஒரு மூட்டை நெல் கைமாற்றாக வாங்குகிறார். "மூட்டைக்கு மூட்டை திருப்பித் தருகிறேன்" என்கிறார். அன்றே அதை 1,000 ரூபாய்க்கு விற்றுவிடுகிறார். அறுவடை வருகிறது. விலை 600 ரூபாயாக இறங்குகிறது. ஒரு மூட்டை வாங்கித் திருப்பிக் கொடுக்கிறார். கையில் 400 ரூபாய் லாபம்!

விலை இறங்காமல் 3,000 ரூபாய்க்கு ஏறிவிட்டால்? அந்த விலைக்கு வாங்கித்தான் கொடுக்க வேண்டும். 2,000 ரூபாய் நஷ்டம்!

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நெல் இனாமாகவே கிடைத்தாலும் அவருக்கு லாபம் 1,000 ரூபாய்தான். அதற்கு மேல் ஒரு காசு வராது. ஆனால் நஷ்டத்துக்கு எல்லையே இல்லை. சொந்தப் பணத்தில் பங்கு வாங்கியவர் போட்ட பணத்தைத்தான் இழப்பார். இரவல் வாங்கி விற்றவரோ வீடு வாசலையும் இழக்கலாம்.

இன்னொரு தொல்லையும் உண்டு. விலை ஏற ஏற, தரகர் சும்மா இருக்கமாட்டார். "மேலும் பணம் கட்டு. இல்லாவிட்டால் பங்கை நானே வாங்கி உன் கணக்கை முடித்துவிடுவேன்" என்பார். அப்படிப் பலர் ஒரே சமயத்தில் வாங்க ஓடினால் என்ன ஆகும்? விலை இன்னும் ஏறும்!

டாட் காம் காய்ச்சல்

1995-ம் ஆண்டு முதல் அமெரிக்காவில் ஒரு காய்ச்சல் பரவியது. இன்டர்நெட் அப்போதுதான் வீடுகளுக்குள் நுழைந்து கொண்டிருந்தது. "டாட் காம்" என்று பெயர் வைத்த கம்பெனிகளின் பங்குகளுக்கு அடிதடி. அந்தக் கம்பெனிகள் பலவற்றுக்கு லாபமே இல்லை. ஆனாலும் பங்கு விலை பறந்தது.

1998 நவம்பரில் "தி குளோப் டாட் காம்" என்ற கம்பெனி பங்கு வெளியிட்டது. ஒரு பங்கின் விலை 9 டாலர். அன்று மாலை அதே பங்கு 63 டாலருக்கு மேல்!

இப்படிப்பட்ட கம்பெனிகள் நிறைந்த மார்க்கெட் "நாஸ்டாக்". அதன் விலைப்புள்ளி 1995 நடுவில் 1,000. 2000 மார்ச் 10-ந் தேதி அது 5,048. ஐந்து ஆண்டுக்குள் ஐந்து மடங்கு!

எச்சரித்தவர்கள் இல்லையா? இருந்தார்கள். 1996 டிசம்பர் 5-ந் தேதி ஆலன் கிரீன்ஸ்பான் ஒரு கூட்டத்தில் பேசினார். அவர் அப்போது அமெரிக்க மத்திய பாங்கியின் தலைவர். அறிவுக்குப் பொருந்தாத உற்சாகம் விலைகளை ஏற்றிவிட்டால் அதை எப்படிக் கண்டுகொள்வது என்று கேட்டார். அன்று நாஸ்டாக் புள்ளி 1,300.

அன்றே ஒருவர் நாஸ்டாக் பங்குகளை இரவல் வாங்கி விற்றிருந்தால்? மூன்று ஆண்டுக்குப் பிறகு விலை ஏறக்குறைய நாலு மடங்கு! எந்தத் தரகர் அதுவரை காத்திருப்பார்?

வேடிக்கை என்னவென்றால், 2002 அக்டோபரில் நாஸ்டாக் 1,114-க்கு வந்துவிட்டது. ஆக, 1996-ல் பிறந்த சந்தேகம் சரியே. ஆனால் அது மெய்யாவதற்கு ஆறு ஆண்டு பிடித்தது. அதற்குள் சந்தேகப்பட்டவர் மூழ்கியிருப்பார்.

பசுவும் கன்றும்

2000 மார்ச் 2-ந் தேதி ஒரு விசித்திரம் நடந்தது. "திரீகாம்" என்பது தாய்க் கம்பெனி. உள்ளங்கையில் அடங்கும் சிறு கம்ப்யூட்டர்களைச் செய்த "பாம்" அதன் பிள்ளைக் கம்பெனி. பாம் பங்குகளில் 100-க்கு 5 பங்கு மட்டும் அன்று வெளியே விற்கப்பட்டது. மீதி எல்லாம் தாயிடமே இருந்தது. திரீகாம் பங்கு ஒன்று வைத்திருப்பவருக்குப் பின்னால் பாம் பங்கு சுமார் ஒன்றரை கிடைக்கும் என்றும் அறிவித்திருந்தார்கள்.

அன்று மாலை பாம் பங்கு 95 டாலர். ஒன்றரைப் பங்கு என்றால் 142 டாலர். அப்படியானால் திரீகாம் பங்கு 142 டாலருக்குக் குறையக்கூடாது அல்லவா? அது விற்றதோ 82 டாலருக்கு! கன்றை மட்டும் வாங்கினால் 142 ரூபாய், கன்றோடு பசுவையும் வாங்கினால் 82 ரூபாய் என்ற கதை!

விலை தப்பு என்பது பள்ளிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அப்படியானால் பாம் பங்கை இரவல் வாங்கி விற்றுப் பலரும் பணக்காரர் ஆகியிருக்கலாமே? ஆகவில்லை. ஏன்? வெளியே வந்த பங்கு மிகக் கொஞ்சம். இரவல் கிடைப்பதே குதிரைக் கொம்பு. தப்பைக் கண்டவர்கள் பலர். அதனால் லாபம் பார்த்தவர்கள் சிலர்.

மலைகள் சாய்ந்தன

ஸ்டான்லி டிரக்கன்மில்லர் பெரிய முதலீட்டு நிபுணர். ஜார்ஜ் சோரஸின் பணத்தை நிர்வகித்தவர். இன்டர்நெட் பங்குகளின் விலை அதிகம் என்று 1999-ல் அவர் முடிவு செய்தார். சுமார் 20 கோடி டாலருக்கு இரவல் வாங்கி விற்றார். விலை ஏறியது. சில வாரங்களில் நஷ்டம் சுமார் 60 கோடி டாலர்! பிறகு அவரே கட்சி மாறி அந்த மாதிரிப் பங்குகளை வாங்கினார். 2000-ல் மார்க்கெட் சரிந்தபோது அதிலும் அடி. ஏப்ரலில் வேலையை விட்டு விலகினார்.

ஜூலியன் ராபர்ட்சன் இன்னொருவர். இன்டர்நெட் மோகத்துக்கு மயங்காதவர். 1998-ல் அவர் நிர்வகித்த பணம் 2,000 கோடி டாலருக்கு மேல். அதன் பிறகு அவருக்கு நஷ்டம் வந்தது. பணம் போட்டவர்கள் பொறுமை இழந்து எடுத்துக்கொண்டு போனார்கள். 2000 மார்ச் 30-ந் தேதி கடையை மூடுவதாக அறிவித்தார். நாஸ்டாக் உச்சம் தொட்டு 20 நாள்தான் ஆகியிருந்தது! அவர் சொன்ன சரிவு அப்போது தொடங்கியே விட்டது. ஆனால் பலனை அனுபவிக்கும் முன்பே அவர் கடையை மூடிவிட்டார்.

குடும்பங்களுக்கு என்ன பாடம்?

விலை இறங்கும் என்று சொல்பவரை ஊர் திட்டுகிறது. அது தவறு. பொய் விலையைப் பொய் என்று சொல்ல யாராவது வேண்டும். அவர் வாயை அடைத்தால் ஏமாறுவது ஏழை எளியவர்களே.

ஆனால் சரியாகச் சொல்வது வேறு. இரவல் பொருளை வைத்துப் பந்தயம் கட்டுவது வேறு. இரவலுக்குக் கெடு உண்டு. பைத்தியக்கார விலைக்குக் கெடு கிடையாது. அது எத்தனை நாள் நீடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

விலை ஏறும் என்று கடன் வாங்கிப் பங்கு வாங்கியவர்களும் அழிந்தார்கள். நாஸ்டாக் தன் பழைய உச்சத்தை மறுபடியும் தொட்டது 2015-ல்தான். பதினைந்து ஆண்டு! மகள் கல்யாணமும் மகன் படிப்பும் அத்தனை நாள் காத்திருக்குமா?

இன்று கைப்பேசியைத் தட்டினாலே பங்கு வாங்கலாம், விற்கலாம். ஆகவே எச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும். ஊரே ஒரு பொருளின் பின்னால் ஓடும்போது கூட ஓடவும் வேண்டாம். குறுக்கே விழுந்து தடுக்கவும் வேண்டாம். ஒதுங்கி நிற்பவருக்கு ஒரு காசும் நஷ்டம் இல்லை. குடும்பப் பணத்துக்கு அதுவே காவல்.