'நல்லா இருங்க' என்றால் வாழ்த்தா, கோபமா?

தங்கையிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வரி வருகிறது: "நல்லா இருங்கண்ணா."

வாழ்த்துகிறாளா, கோபித்துக்கொண்டாளா? அந்த வரியை எத்தனை தடவை படித்தாலும் தெரியாது. கொஞ்சம் மேலே தள்ளிப் பார்க்க வேண்டும். காலையிலிருந்து மூன்று முறை அழைத்திருக்கிறாள். அண்ணன் எடுக்கவே இல்லை. இப்போது புரிகிறது.

'இந்தப் பாடலில் கவிஞரின் தொனி என்ன?' என்று தமிழ்ப் பாடத்தில் கேட்பதும் இதைத்தான். சொல்லின் பொருள் அகராதியில் கிடைக்கும். சொன்னவரின் மனசு அதில் கிடைக்காது.

அதைக் கற்றுத்தர உளுந்தூர்பேட்டை வட்டத்திலேயே ஒரு நல்ல வாத்தியார் உண்டு. திருநாவலூரில் பிறந்த சுந்தரர்!

அவருடைய கல்யாணத்தன்று ஒரு முதியவர் வந்து, 'நீ எனக்கு அடிமை' என்று ஓலையைக் காட்டி வழக்காடினார். எரிச்சலில் சுந்தரர் அவரைப் 'பித்தன்' என்று ஏசினார். திருவெண்ணெய்நல்லூரில்தான் தெரிந்தது, வந்தவர் சிவபெருமான் என்று. 'என்னைத் திட்டிய அந்தச் சொல்லிலேயே பாடு' என்றாராம் இறைவன். பெரியபுராணம் சொல்லும் கதை இது. வசவாக வந்த அதே சொல், பாட்டில் அன்பாகிவிட்டது. சொல் மாறவில்லை, உறவு மாறியது.

சம்பந்தர் பிள்ளையாகவும், அப்பர் தொண்டராகவும், சுந்தரர் தோழராகவும் இறைவனைப் பாடினார்கள் என்பது சைவ மரபு. தோழனிடம்தானே உரிமையோடு சண்டை போட முடியும்?

அந்தச் சண்டையை ஏழாம் திருமுறையில் பார்க்கலாம். சங்கிலியாருக்குக் கொடுத்த சத்தியத்தை மீறியதால் சுந்தரர் கண்பார்வை இழந்தார். காஞ்சியில் ஒரு கண் கிடைத்தது. மற்றொன்றுக்காகத் திருவாரூரில் ஒரு பதிகம் பாடினார். அதில், 'அடியார்கள் துயரத்தைச் சொல்லியும் நீர் பேசாமல் இருந்தால், நீரே நன்றாக வாழும்' என்கிற கருத்து திரும்பத் திரும்ப வருகிறது. முடிவை மட்டும் படித்தால் வாழ்த்து. பாட்டை முழுதும் படித்தால் கோபம். அதே பதிகத்தில் 'உமக்கு மட்டுமே நான் அடிமை, வேறு யாரையும் நாடமாட்டேன்' என்றும் சொல்கிறார். அதையும் சேர்த்துப் படித்தால்தான் அது வெறுப்பல்ல, போக வேறு இடமில்லாதவரின் உரிமைக்கோபம் என்று புரியும்.

ஆகவே, தொனி தெரிய வேண்டுமானால் மூன்று கேள்விகள் கேளுங்கள். யார், யாரிடம் பேசுகிறார்? அதற்கு முன் என்ன நடந்தது? எந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது? 'கோபம்' என்று மட்டும் எழுதிவிட்டு நிறுத்தாமல், என்ன கோபம் என்றும் யோசியுங்கள். பரீட்சையில் முழு மதிப்பெண் அங்கேதான் இருக்கிறது.

சரி, அந்தத் தங்கைக்கு என்ன பதில்? 'நீயும் நல்லா இரும்மா' என்று கைகூப்பும் படத்தோடு அனுப்பினால் வீட்டில் சண்டை நிச்சயம். பேசாமல் போன் போட்டுவிடுங்கள். அவள் உங்களிடம் கோபப்படுகிறாள் என்றால், உங்களை இன்னும் தன் அண்ணனாகத்தான் நினைக்கிறாள்!