ஒரு சென்ட் கூலியும் ஒரு கையெழுத்தும்

துரித உணவு நிறுவனங்களின் நேர்மையைப் பற்றிப் பேச்சு எழுந்தால் அவை உடனே ஆண்டறிக்கையை எடுத்து நீட்டுகின்றன. மரக்கன்று நட்டது, பள்ளிக்கு மேசை வாங்கிக் கொடுத்தது, பிளாஸ்டிக் உறிஞ்சுகுழலை நிறுத்தியது எல்லாம் வண்ணப் படங்களோடு அதில் இருக்கும். அவற்றை யாரும் குறை சொல்லப் போவதில்லை. ஆனால், அந்த நிறுவனம் வாங்கும் காய்கறியைப் பறித்தவருக்கு என்ன கூலி கிடைத்தது, அவர் அடிபட்டால், அவமானப்படுத்தப்பட்டால் யாரிடம் போய் முறையிடுவார் என்ற கேள்விக்கு அதில் பதில் இருக்காது. அமெரிக்கத் தக்காளித் தோட்டங்களின் கூலித் தொழிலாளர்கள் இந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடித்து, அதைச் சட்டப்படி செல்லும் ஒப்பந்தமாகவும் எழுதி வைத்திருக்கிறார்கள். மெக்டொனால்ட்ஸ், பர்கர் கிங், சப்வே, டாக்கோ பெல் எல்லாம் அதில் கையெழுத்திட்டுவிட்டன. வெண்டிஸ் மட்டும் இன்றுவரை மறுத்து நிற்கிறது. அந்த மறுப்புக்கு நியாயம் இல்லை என்பது நம் உறுதியான கருத்து.

ஃபுளோரிடாவின் தென்மேற்கில் இமோக்கலி என்று ஓர் ஊர் இருக்கிறது. குளிர்காலத்தில் அமெரிக்க மண்ணில் விளையும் தக்காளியில் பெரும்பங்கு ஃபுளோரிடாவுடையது. அதைப் பறிக்கும் ஆட்கள் திரளும் ஊர் இமோக்கலி. மெக்சிகோ, குவாத்தமாலா, ஹைத்தியிலிருந்து பிழைக்க வந்தவர்கள். விடியும் முன்பே வாகன நிறுத்தத் திடலில் கூடுவார்கள். கங்காணி ஆள் பொறுக்கிப் பழைய பள்ளிப் பேருந்தில் ஏற்றிச் செல்வார். தக்காளியைக் காயாகவே பறித்து, பிறகு எத்திலீன் வாயுவில் பழுக்க வைப்பது அங்கே வழக்கம். ஒரு வாளி 32 பவுண்டு பிடிக்கும். ஏறத்தாழ பதினாலரை கிலோ. நிரம்பிய வாளியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக லாரிக்குப் போய், மேலே நிற்பவரிடம் எறிந்தால் ஒரு சீட்டு கிடைக்கும். 2000-ஆம் ஆண்டு வாக்கில் அந்தச் சீட்டின் மதிப்பு 40 முதல் 45 சென்ட். சட்டம் சொல்லும் குறைந்தபட்சக் கூலியை எட்டவே ஒருவர் நாள் ஒன்றுக்கு இரண்டு டன்னுக்கு மேல் பறிக்க வேண்டியிருந்தது. அதிலும் ஒரு பிடுங்கல் உண்டு. வாளியை விளிம்பு மட்டத்துக்கு நிரப்பினால் சீட்டு கிடையாது. மேலே கோபுரமாகக் குவித்தாக வேண்டும். குவியலுக்குக் கூலி இல்லை. இப்படிப் பத்து வாளி பறித்தவரிடமிருந்து கிட்டத்தட்ட ஒரு வாளி இனாமாகப் போனது.

அமெரிக்காவில் தொழிலாளர்கள் சங்கம் அமைக்கும் உரிமைக்குக் காப்பளிக்கும் சட்டம் 1935-ல் வந்தது. வயலில் வேலை செய்பவர்களை அது வெளியே நிறுத்தியது. இன்றும் நிறுத்தியே வைத்திருக்கிறது. செய்தியாளர் எட்வர்ட் மரோ 1960-ல் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் வழங்கிய 'ஹார்வெஸ்ட் ஆஃப் ஷேம்' ஆவணப்படம் ஃபுளோரிடா வயல் கூலிகளின் நிலையை நாட்டுக்கே காட்டியது. பார்த்தவர்கள் பதறினார்கள். கூலி முறை மட்டும் அப்படியே நின்றது. சட்டம் கைவிட்ட இடத்தில் என்ன முளைக்கும் என்பதற்கு இமோக்கலியிலேயே சான்று இருக்கிறது. 2007 நவம்பரில், பூட்டிய சரக்கு வண்டிக்குள் அடைக்கப்பட்டிருந்த தொழிலாளர்கள் அதன் கூரைத் திறப்பை உடைத்துக்கொண்டு தப்பினார்கள். கடன்காரர்களாக்கி, அடித்து, சங்கிலியால் கட்டி வேலை வாங்கியிருந்தார்கள். தோட்டத்துக் குழாயில் குளிக்கவும் அவர்களிடம் காசு பிடித்தார்கள். அடிமை வேலை வழக்காக அது கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனது. முக்கியக் குற்றவாளிகளுக்கு 2008 டிசம்பரில் தலா 12 ஆண்டு சிறை கிடைத்தது. இருபத்தோராம் நூற்றாண்டில், உலகின் மிகப் பணக்கார நாட்டில் நடந்தது இது.

இமோக்கலி தொழிலாளர் கூட்டமைப்பு 1993-ல் ஒரு தேவாலயக் கூடத்தில் பிறந்தது. முதல் சில ஆண்டுகள் அது தோட்ட முதலாளிகளோடு மோதியது. வேலைநிறுத்தம், பேரணி, ஒரு மாத உண்ணாவிரதம் என எல்லாம் நடந்தன. பேச்சுவார்த்தைக்கு வர மறுத்த ஒரு முதலாளி, பண்ணையை எப்படி நடத்துவது என்று டிராக்டர் வந்து விவசாயிக்குச் சொல்லாது என்று காரணம் கூறியதை அந்தத் தொழிலாளர்கள் இன்னும் மறக்கவில்லை. ஆனால், முதலாளியின் கழுத்தையும் ஒரு கை நெரித்துக்கொண்டிருந்ததை அவர்கள் மெல்லக் கண்டுகொண்டார்கள். ஆயிரக்கணக்கான கடைகளுக்கு மொத்தமாகக் கொள்முதல் செய்யும் துரித உணவு நிறுவனம் விலையை அடித்துக் கேட்கிறது. டீசல் விலையையும் உர விலையையும் தோட்டக்காரரால் குறைக்க முடியாது. அவரால் குறைக்க முடிவது பறிக்கும் கையின் கூலியை மட்டும்தான். அப்படியென்றால் வறுமையின் ஊற்று துரித உணவு நிறுவனத் தலைமை அலுவலகத்தின் கொள்முதல் பிரிவில் இருந்தது.

ஆகவே 2001-ல் டாக்கோ பெல் மீது நாடு தழுவிய புறக்கணிப்பை அறிவித்தார்கள். கோரிக்கை எளியது: பவுண்டுக்கு ஒரு சென்ட் கூட்டிக் கொடு, அதைப் பறித்தவர் கையில் சேர், அத்துமீறும் தோட்டத்திடம் வாங்காதே. மாணவர்கள் கல்வி வளாகங்களிலிருந்து டாக்கோ பெல் கடைகளை அகற்ற வைத்தார்கள். நான்கு ஆண்டு கழித்து, 2005 மார்ச்சில், தாய் நிறுவனமான யம் பிராண்ட்ஸ் இணங்கியது. 2007-ல் மெக்டொனால்ட்ஸ் வந்தது. பர்கர் கிங் முரண்டு பிடித்தது. அந்தக் கூடுதல் சென்ட்டால் பர்கர் கிங்குக்கு ஆண்டுக்கு ஆகும் செலவு 2,50,000 டாலர் அளவில்தான் இருக்கும் என்று பத்திரிகையாளர் எரிக் ஷ்லோசர் அந்த ஆண்டே 'நியூயார்க் டைம்ஸ்' இதழில் எழுதினார். அந்தச் சிறு தொகையைத் தவிர்க்க அந்த நிறுவனம் செய்த வேலைகள் வெட்கக்கேடானவை. மாணவர் வேடத்தில் ஆள் அனுப்பி ஆதரவாளர்களை உளவு பார்த்தது வெளிவந்தது. உயர் அதிகாரி ஒருவர் இணையத்தில் மாற்றுப் பெயரில் தொழிலாளர்களைத் தூற்றி எழுதியதும் அம்பலமானது. கடைசியில் 2008 மே மாதம், அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் வைத்து மன்னிப்புக் கேட்டுக் கையெழுத்திட்டது.

அந்தக் கையெழுத்துகள் சேர்ந்துதான் 2010-ல் ஃபுளோரிடாவின் தக்காளி உற்பத்தியாளர் சங்கத்தையே பணிய வைத்தன. சில ஆண்டுகளுக்கு முன்புவரை, அந்தக் கூடுதல் சென்ட்டைத் தொழிலாளருக்குத் தரும் உறுப்பினருக்கு ஒரு லட்சம் டாலர் அபராதம் என்று மிரட்டிய சங்கம் அது. 2011 முதல் 'ஃபேர் ஃபுட்' திட்டம் தோட்டங்களில் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிறகு வயலில் நடந்த மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். வாளியில் கோபுரம் குவிக்கும் வழக்கம் ஒழிந்தது. விளிம்பு மட்டம் வந்தால் சீட்டு. வேலை நேரத்தைக் குறிக்கக் கடிகாரப் பதிவு வந்தது. வெயிலுக்கு நிழற்குடை வந்தது. கூடுதல் சென்ட் கூலிச் சீட்டில் தனி வரியாக வருகிறது. உரிமைகளைச் சக தொழிலாளர்களே வந்து சொல்லிக் கொடுக்கிறார்கள். அந்த நேரத்துக்கும் கூலி உண்டு. எந்த நேரமும் அழைக்க ஒரு தொலைபேசி எண் இருக்கிறது. எடுப்பவர் தொழிலாளியின் மொழியில் பேசுவார். புகார்களை விசாரிக்கும் தனி அமைப்பை நியூயார்க் மாநில நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற லாரா சேஃபர் எஸ்பினோசா தலைமையேற்று உருவாக்கினார். பெண் தொழிலாளியிடம் கங்காணி அத்துமீறியது உறுதியானால் அந்தக் கங்காணி வேலையை விட்டுப் போக வேண்டும். தோட்டம் அவரைக் காப்பாற்ற முயன்றால், கையெழுத்திட்ட ஒரு நிறுவனத்துக்கும் அந்தத் தோட்டம் தக்காளி விற்க முடியாது.

இந்தக் கடைசி விதிதான் எல்லாவற்றுக்கும் உயிர். நன்னடத்தைக் கோவை எல்லா நிறுவனத்திடமும் இருக்கிறது, வெண்டிஸிடமும் இருக்கிறது. நிறுவனமே எழுதி, நிறுவனமே ஆள் அமர்த்திச் சோதித்து, நிறுவனமே தேர்ச்சி என்று அறிவித்துக்கொள்ளும் கோவைக்கு என்ன மதிப்பு? 2012 செப்டம்பரில் கராச்சியின் அலி எண்டர்பிரைசஸ் ஆடை ஆலை தீப்பிடித்து 250 பேருக்கு மேல் கருகிச் செத்தார்கள். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அந்த ஆலை பன்னாட்டுச் சமூகத் தரச் சான்றிதழ் பெற்றிருந்தது. தணிக்கையாளர் வருகிறார் என்று முன்னரே தெரிந்தால் எந்த மேலாளரும் தரையைக் கூட்டி, பதிவேட்டைச் சரிசெய்து வைப்பார். ஆண்டில் 365 நாளும் அங்கேயே நிற்பவர் தொழிலாளி ஒருவர்தான். அவர் பயமில்லாமல் வாய் திறக்க முடிகிறதா என்பதுதான் உண்மையான தணிக்கை.

வெண்டிஸ் சொல்லும் காரணங்களுக்கு வருவோம். பறிப்பவர்கள் எங்கள் ஊழியர்கள் அல்லர், வேறொரு நிறுவனத்தின் ஆட்களுக்கு நாங்கள் எப்படிக் கூலி கொடுப்பது என்பது முதல் வாதம். தக்காளியின் விட்டம் எவ்வளவு, நிறம் எப்படி, கெட்டித்தன்மை எப்படி, எந்த நாளில் வந்து சேர வேண்டும் என்று எல்லாவற்றையும் வரையறுத்துக் கேட்கும் நிறுவனங்கள் இவை. காயின் மேல் இவ்வளவு அதிகாரம் செலுத்துபவர்கள், அதைப் பறித்த கையைப் பற்றிக் கேட்டதும் எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று ஒதுங்குவதை ஏற்க முடியாது. பசுமைக் குடில் தோட்டங்களுக்கு மாறிவிட்டோம் என்பது இரண்டாவது வாதம். குடில் மழையிலிருந்து காக்கும். ஓரளவு வெயிலிலிருந்தும் காக்கலாம். மேற்பார்வையாளரின் கையிலிருந்து காக்காது. ஃபுளோரிடாவில் விதிகள் கடுமையானதும் அங்கே வாங்குவதை விட்டு மெக்சிகோ பக்கம் போன நிறுவனம் என்ற குற்றச்சாட்டும் அதன் மேல் இருக்கிறது. செலவைப் பற்றிய வாதம் பேசவே தகுதியற்றது. ஒரு பவுண்டு தக்காளியைக் குறைத்துக் கணக்கிட்டாலும் பத்து பர்கருக்கு வில்லை போடலாம். பர்கருக்குப் பத்தில் ஒரு பங்கு சென்ட்டுக்கு மேல் ஆகாது. 2016 மார்ச் முதல் வெண்டிஸ் மீது புறக்கணிப்பு நடக்கிறது. 2018-ல், அப்போது அதன் இயக்குநர் குழுத் தலைவராக இருந்த நெல்சன் பெல்ட்ஸின் நியூயார்க் அலுவலக வாசலில் பெண் தொழிலாளர்கள் ஐந்து நாள் பட்டினி கிடந்தார்கள். அப்போதும் அது அசையவில்லை.

இந்தத் திட்டத்தை அளவுக்கு மீறிப் புகழவும் கூடாது. தக்காளி பறிப்பவர் இன்றும் ஏழைதான். கூடுதல் சென்ட் அவரைக் கைதூக்கிவிடும். குடும்பம் நடத்தப் போதாது. அமெரிக்க வயல்களில் பெரும்பாலானவை இன்னும் இதற்கு வெளியேதான் இருக்கின்றன. அரசு செய்ய வேண்டிய வேலையைத் தொழிலாளர்கள் பட்டினி கிடந்து செய்ய நேர்ந்ததே அந்த நாட்டுச் சட்டத்துக்கு இழுக்கு. இருந்தும், நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு என்ற பெயரில் நடப்பவற்றுள் பலன் கண்ணுக்குத் தெரியும் மிகச் சில முயற்சிகளில் இது ஒன்று.

தமிழ்நாட்டுக்கும் இதில் நேரடிப் பாடம் உண்டு. தமிழ்நாடு ஏற்கெனவே அதைக் கொஞ்சம் படித்தும் இருக்கிறது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்து ஆடை ஆலை ஒன்றில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். கைதானவர் அதே ஆலையின் மேற்பார்வையாளர். பெண்கள் தலைமையேற்று நடத்தும் டி.டி.சி.யு. தொழிற்சங்கம் விடாமல் போராடியதில் 2022-ல் திண்டுக்கல் உடன்படிக்கை பிறந்தது. ஆலை முதலாளியான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ், வெளிநாட்டு வாங்குபவர்களான எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். நிறுவனங்கள் எல்லாம் அதற்குக் கட்டுப்பட்டன. தையல் கூடத்தில் தொழிலாளர்களுக்குள்ளிருந்தே கண்காணிப்பாளர்கள் பயிற்சி பெற்றார்கள். ஆலை மீறினால் ஆர்டர் பாதிக்கப்படும் என்பது அதன் விதி. இமோக்கலியில் தக்காளிக்குச் செய்ததைத் திண்டுக்கல்லில் சட்டைக்குச் செய்திருக்கிறார்கள். ஏட்டுக் கற்பனை என்று இனி யாரும் இதைத் தள்ள முடியாது.

ஆனால் நம் சட்டம் வேறு பக்கம் பார்க்கிறது. 2013 நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, பெரிய நிறுவனங்கள் மூன்று ஆண்டு சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிடச் சொல்கிறது. வழக்கமான தொழிலின் பகுதியாகச் செய்யும் செலவு அந்தக் கணக்கில் வராது. பள்ளிச் சுவருக்கு வண்ணம் அடித்தால் கணக்கில் வரும். காய்கறி பறித்த பெண்ணுக்குக் கூலி கூட்டிக் கொடுத்தால் வராது. லாபத்தை எப்படிச் செலவழித்தாய் என்று கேட்கும் சட்டம், எப்படிச் சம்பாதித்தாய் என்று கேட்பதில்லை. சென்னையிலும் கோவையிலும் கடை விரித்திருக்கும் மெக்டொனால்ட்ஸ், பர்கர் கிங், சப்வே, கே.எஃப்.சி. எல்லாம் ஃபுளோரிடாத் தக்காளிக்காகக் கையெழுத்திட்ட குழுமங்களின் பெயர்கள்தான். அந்த ஒப்பந்தம் இந்தியத் தக்காளிக்குப் பொருந்தாது. பர்கரில் வைத்த வில்லை எந்தத் தோட்டத்துக் காய், பறித்தவருக்கு என்ன நாள்கூலி என்று இங்கே வாங்கித் தின்பவருக்குத் தெரிய வழியே இல்லை.

வெண்டிஸ் இனியும் காலம் கடத்தாமல் கையெழுத்திட வேண்டும். இந்தியாவில் உரிமம் பெற்றுக் கடை நடத்தும் நிறுவனங்கள் காய்கறியும் கோழியும் வாங்கும் தோட்டங்கள், பண்ணைகளின் பட்டியலை வெளியிட வேண்டும். அங்கே வேலை செய்பவர்கள் புகார் செய்யவும், புகார் உறுதியானால் கொள்முதல் நிற்கவும் தொழிற்சங்கங்களோடு எழுத்துப்பூர்வமாக ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். மத்திய அரசு 135-ஆம் பிரிவைத் திருத்தி, கொள்முதல் சங்கிலியில் உள்ள தொழிலாளரின் கூலியையும் பாதுகாப்பையும் நிறுவனத்தின் சட்டப் பொறுப்பாக்க வேண்டும். திண்டுக்கல் உடன்படிக்கை தமிழ்நாட்டிலேயே, தமிழ்ப் பெண்களின் முயற்சியில், நடைமுறைக்கு வந்தது. மாநிலத் தொழிலாளர் நலத்துறை அதை முன்மாதிரியாக வைத்து முதல் கூட்டத்தை இந்த ஆண்டே கூட்டலாம்.