மாவ்ஷிக்கும் அவருக்கும் ஒரே மாத்திரை

எங்கள் வீட்டில் இப்போது இரண்டு பேருக்கு ரத்த அழுத்தம். ஒருவர் என் கணவர். இன்னொருவர் 3 கிலோ எடையுள்ள ஒரு பூனை. இருவருக்கும் எழுதிக் கொடுத்திருப்பது ஆம்லோடிபின்தான். அவருக்கு 5 மில்லிகிராம் முழு மாத்திரை, பூனைக்கு 2.5 மில்லிகிராம் மாத்திரையை நான்காக நறுக்கி அதில் ஒரு துண்டு. மாத்திரையைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வதில் இருவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

பூனையின் பெயர் மாவ்ஷி. அந்தப் பெயரை நான் வைக்கவில்லை. பின்தெருவில் இடிக்கப்போகும் கட்டடத்தின் வாட்ச்மேன் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பூனை புலிக்கு மாவ்ஷி, அதாவது சித்தி முறை என்று மராத்திப் பிள்ளைகளுக்குச் சொல்வார்கள். மும்பையின் முலுண்டில் அந்த உறவைக் கொஞ்சம் நம்பத்தான் வேண்டும். மேற்கே சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் குன்றுகளில் சிறுத்தைகள் வாழ்கின்றன. 2018 ஜனவரியில் ஒன்று கிழக்கு முலுண்டின் நானேபாடா வரை வந்து, ஆறு பேரைக் காயப்படுத்திய பிறகுதான் பிடிபட்டது. அந்த வம்சத்துச் சித்திக்கோ வாயில் பாதிப் பல்கூட இல்லை.

கட்டடம் ரீடெவலப்மென்டுக்குப் போனது. குடும்பங்கள் தாணே, பாண்டுப், டோம்பிவ்லி என்று வாடகை வீடுகளுக்குப் பிரிந்துபோயின. மாவ்ஷி மட்டும் காலி செய்யவில்லை. வாட்ச்மேன் தன் டப்பாவிலிருந்து எடுத்து வைக்கும் பருப்புச் சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டு, பக்கத்து வாளித் தண்ணீரை விடாமல் குடிப்பாள். “வயசாயிடுச்சு மேடம், அவ்வளவுதான்” என்றார் அவர். நாங்கள் அவளை எடுத்து வந்த பிறகு, பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சொன்னதும் அதையேதான்.

வயசானா அப்படித்தான். இதைக் கேட்டுக் கேட்டே நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் பார்வை மங்கிப்போகும் வரை கண்புரையைப் பொறுத்துக்கொண்டார்கள். பூனை விஷயத்தில் இந்தப் பேச்சு இன்னும் சுலபமாகச் செல்லுபடியாகிறது, ஏனென்றால் பூனை முறையிடாது. வேட்டையாடும், அதே சமயம் பெரிய விலங்குகளுக்கு இரையாகவும் கூடிய சிறிய உயிர் அது. நோவை வெளியே காட்டாமலிருப்பது அதன் உடம்பில் ஊறிய பழக்கம். ஆனால் வயது என்று நாம் ஒதுக்கித் தள்ளும் பலவற்றுக்குப் பின்னால் பெயருள்ள ஒரு நோய் இருக்கிறது. தண்ணீர் அதிகம் குடித்தால் சிறுநீரகமாகவோ சர்க்கரையாகவோ இருக்கலாம். நன்றாகத் தின்றும் மெலிந்தால் தைராய்டைச் சந்தேகிக்க வேண்டும். நடு ராத்திரியில் சுவரைப் பார்த்துக் கத்தினால் ரத்த அழுத்தம், தாவ யோசித்தால் மூட்டு, தட்டுக்கு ஓடிவந்து ஒரு வாய் வைத்ததும் விலகினால் பல். பூனையை எடுத்து வந்த வாரத்திலேயே ரத்தம், சிறுநீர், ரத்த அழுத்தம் மூன்றையும் பார்த்துவிட வேண்டும். மெத்தையும் பொம்மையும் அதற்குப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

மாவ்ஷிக்குப் பன்னிரண்டு வயதாவது இருக்கும் என்று கால்நடை மருத்துவர் பல்லையும் கண்ணையும் வைத்துக் கணித்தார். கிரியாட்டினின் 3.4. சிறுநீரக நோய்க்கென்றே இயங்கும் ஐரிஸ் என்ற சர்வதேச அமைப்பு பூனைகளுக்கு நான்கு நிலைகளை வகுத்திருக்கிறது, 2.9 முதல் 5 வரை மூன்றாம் நிலை. சிறுநீரகத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கெட்ட பிறகுதான் சிறுநீர் நீர்த்துப்போகும். முக்கால் பங்கு போன பிறகுதான் கிரியாட்டினின் ஏறத் தொடங்கும். அவள் வாளியைத் தேடிப் போனபோதே நோய் பாதி வழியைக் கடந்திருந்தது. சிறுநீரகம் கெட்டால் ரத்த அழுத்தமும் கூடவே வருவது வழக்கம். கவனிக்காவிட்டால் விழித்திரை கழன்று திடீரென்று கண் தெரியாமல் போகலாம். அந்தக் கால் மாத்திரை அதற்காகத்தான்.

இந்த நோய்க்குக் குணம் கிடையாது. அதைக் கேட்டதும் பலர் எழுந்து போய்விடுகிறார்கள் என்றார் மருத்துவர். உண்மையில் வேலை அங்கேதான் தொடங்குகிறது. பழுதான சிறுநீரகம் தண்ணீரைப் பிடித்து வைக்காது. குடிப்பதைவிட அதிகமாக வெளியேறும். உடம்பு வறண்டு, குமட்டி, பசி போகும். அந்த வறட்சியைத் தடுத்தாலே பூனைக்குப் பாதி நிம்மதி. அதற்கு வீட்டிலேயே தோலுக்கு அடியில் ரிங்கர் லாக்டேட் ஏற்றக் கற்றுக் கொடுத்தார். மெடிக்கல் கடையில் 500 மில்லி பாட்டிலும் ஐ.வி. செட்டும் கேட்டபோது கடைக்காரர், “பேஷன்ட் பேர்?” என்றார்.

“மாவ்ஷி.”

“வயசு?”

“பன்னிரண்டு இருக்கும்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். மருத்துவரின் சீட்டை நீட்டினேன். சிரித்துக்கொண்டே பில் போட்டார்.

பாட்டிலை வெந்நீர்ப் பாத்திரத்தில் சற்று நேரம் வைத்து உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்து, பால்கனியில் துணி காயப்போடும் கொக்கியில் மாட்டுகிறோம். தோள்களுக்கு நடுவே இருக்கும் தளர்ந்த தோலைத் தூக்கிப் பிடித்து ஊசியைச் செருகினால், ஐந்து பத்து நிமிடத்தில் 100 மில்லி இறங்கிவிடும். தோலுக்கடியில் ஒரு மேடு தெரியும். சில சமயம் ஒரு பக்கக் காலுக்கு வழிந்து தொங்கும். சில மணி நேரத்தில் உடம்பு உறிஞ்சிக்கொள்ளும். இதய நோயுள்ள பூனைக்கு இதே திரவம் ஆபத்து என்பதால் அளவையும் இடைவெளியையும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஏறும் நேரம் முழுவதும் மாவ்ஷி கவனம் சிதறாமல் எதிர் வீட்டுப் புறாக்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஊசியைவிட எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது சாப்பாடு. எங்கள் வீட்டில் மீனும் மாமிசமும் சமைப்பதில்லை. பூனைக்குத் தயிர் சாதம் வைத்து வளர்த்த தலைமுறைகள் எங்களுடையவை. அந்தப் பூனைகள் பிழைத்தது தயிர் சாதத்தால் இல்லை. அதைத் தின்றுவிட்டுப் போய்க் கொல்லையில் பிடித்த எலியாலும் பல்லியாலும். டாரின் என்ற சத்தைப் பூனையின் உடம்பால் போதுமான அளவு தயாரித்துக்கொள்ள முடியாது. மாமிசத்திலிருந்துதான் பெற வேண்டும். அது குறைந்தால் விழித்திரை கெடும் என்று 1975இல் கண்டறிந்தார்கள். இதயத் தசை தளர்ந்துபோவதற்கும் அதுவே காரணம் என்று 1987இல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பால் பியானும் அவருடைய சகாக்களும் காட்டிய பிறகு, தயாரிப்பு உணவுகளில் டாரினைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். பல் போய், நாலு சுவருக்குள் இருக்கும் கிழவிக்கு எலி ஏது? அதனால் பால்கனியில் தனி மின்னடுப்பு, தனிப் பாத்திரம். கோழியை வேகவைப்பது நான். பிய்த்துப் போடுவது என் கணவர், கையுறை போட்டுக்கொண்டு.

சிறுநீரக நோய்க்கென்று பாஸ்பரஸ் குறைத்துத் தயாரித்த உணவும் இருக்கிறது. அதைச் சாப்பிடும் பூனைகள் கூடுதல் காலம் வாழ்கின்றன என்று ஆய்வுகள் சொல்கின்றன. மாவ்ஷிக்கு அந்த ஆய்வுகள் தெரியாது. முகர்ந்து பார்த்துவிட்டு மண்ணைத் தள்ளி மூடுவதுபோல் தரையைப் பிறாண்டினாள். வயதானால் மோப்பம் குறையும், மோப்பம் இல்லாவிட்டால் பூனைக்குப் பசி இல்லை என்று சொன்ன மருத்துவர், லேசாகச் சூடு பண்ணி வைக்கச் சொன்னார். மேலே ஒரு துண்டு மாந்தேலி மீனைப் பிய்த்து வைத்தால் இன்னும் விசேஷம். ஜூன், ஜூலை இரண்டு மாதமும் மகாராஷ்டிரக் கடலில் விசைப்படகுகள் போகக் கூடாது என்பதால் மழைக்காலத்தில் மாந்தேலிக்கும் கிராக்கி. எதையுமே தொடாவிட்டால், எது பிடிக்குமோ அதைக் கொடுத்துச் சாப்பிட வைப்பதுதான் முதல் கடமை. இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் பூனையின் கல்லீரலில் கொழுப்பு படிந்து, அதுவே உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

நம் சமையலறையிலும் மருந்துப் பெட்டியிலும் பூனைக்கு எமன்கள் இருக்கிறார்கள். வெங்காயமும் பூண்டும் அதன் சிவப்பணுக்களைச் சிதைக்கும். சாம்பார் சோறு வேண்டாம். பாராசிட்டமால் ஒரே மாத்திரை போதும் உயிரை வாங்க; அதை முறித்து வெளியேற்றும் வேலையைப் பூனையின் கல்லீரல் சரியாகச் செய்வதில்லை. காய்ச்சல் போலிருக்கிறதே என்று பரிவோடு பொடித்துக் கொடுத்துக் கொன்றவர்கள் உண்டு. வேறு மாத்திரை எதுவானாலும், விழுங்கியதும் ஊசியில்லாத சிரிஞ்சில் 5 மில்லி தண்ணீர் கொடுக்க வேண்டும். உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அங்கேயே புண்ணாகும். டாக்சிசைக்ளின் ஒட்டினால் குழாயே சுருங்கிப்போகலாம்.

மீதி எல்லாம் பார்வை வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் குழந்தைகளுக்கான தராசில் எடை, நாள்காட்டியில் குறிப்பு. 3 கிலோ பூனை 100 கிராம் இளைத்தால் 60 கிலோ மனிதர் 2 கிலோ இளைத்த மாதிரி. கண்ணுக்குத் தெரியாது, தராசுக்குத் தெரியும். மணல் தொட்டியில் கட்டிகள் பெரிதாகின்றனவா, மலம் வறண்டு வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். பன்னிரண்டு வயதைத் தாண்டிய பூனைகளின் எக்ஸ்ரேக்களைப் பார்த்த 2002ஆம் ஆண்டு ஆய்வில் 90 சதவீதத்தில் மூட்டுத் தேய்மானம் இருந்தது. தொட்டிக்கு வெளியே அசிங்கம் செய்கிறது என்று திட்டப்படும் கிழப்பூனைகளில் பல, அந்த விளிம்பைத் தாண்ட முடியாதவைதான். பிளாஸ்டிக் டப்பின் ஒரு பக்கத்தைத் தாழ வெட்டிவிட்டோம். கட்டிலருகே ஒரு மணையைப் போட்டோம். செலவு ஒன்றுமில்லை.

செலவாகும் இடங்களும் உண்டு. ஆனாலும் மும்பை இந்த விஷயத்தில் கொடுத்துவைத்த ஊர். 1874இல் உருவான பம்பாய் எஸ்.பி.சி.ஏ. நடத்தும் பாய் சாகர்பாய் தின்ஷா பெட்டிட் மருத்துவமனை 1883 முதல் பரேலில் இருக்கிறது. பார்சி ஆலை அதிபர் தின்ஷா மானெக்ஜி பெட்டிட்டின் மனைவி பெயர் அதற்கு. 2024இல் மகாலட்சுமியில் டாடா டிரஸ்ட்ஸ் சிறு விலங்குகளுக்கான பெரிய மருத்துவமனையைத் திறந்தது. ஆனால் முலுண்டிலிருந்து ஆட்டோ சயான் வரைதான் போகும். அங்கே கூடையோடு இறங்கி டாக்ஸி பிடிக்க வேண்டும். அலைச்சலே கிழப்பூனைக்கு ஒரு நோய். அதனால் வழக்கமான பரிசோதனைக்கு வீட்டருகே உள்ள கிளினிக், நாய்க் கூட்டம் குறைந்த நேரம், கூடையின் மேல் ஒரு துண்டு. பரேலும் மகாலட்சுமியும் அவசரத்துக்கு.

சொசைட்டியில் சிலர் முணுமுணுத்தார்கள். செல்லப்பிராணி வளர்ப்பதைச் சொசைட்டிகள் தடை செய்ய முடியாது, லிஃப்டில் ஏற்றக் கூடாது என்றோ அதற்குக் கட்டணம் என்றோ சொல்ல முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் தெளிவாக்கியிருக்கிறது. அந்த வாரியத்தின் வேர் தமிழ்நாட்டில்தான். மாநிலங்களவை உறுப்பினராக ருக்மிணி தேவி அருண்டேல் 1950களில் கொண்டுவந்த தனிநபர் மசோதா, 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்துக்கு வழிவிட்டது. 1962இல் வாரியம் அமைந்தபோது முதல் தலைவரும் அவரே.

“எவ்வளவு நாள் இருப்பாள்?” என்று கேட்கிறார்கள். ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் இதற்கு ஓர் அட்டவணை வகுத்திருக்கிறார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாள்களைவிட நல்ல நாள்கள் அதிகமா என்று ஏழு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். மொத்தம் 35க்கு மேல் இருந்தால் தொடரலாம். நாங்களும் அதை நிரப்பி வைக்கிறோம். மதிப்பெண் கீழே போகும்போது என்ன செய்வது என்று மருத்துவரிடம் இப்போதே பேசிவிட்டோம். மாலாடில் மாநகராட்சி 2023இல் திறந்த விலங்குகளுக்கான மயானத்தைப் பற்றியும் விசாரித்துக்கொண்டோம். இதில் சோகம் ஒன்றுமில்லை. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் செய்கிற ஏற்பாடுதான்.

ஏற்பாடே இல்லாத இடம் ஒன்று இருக்கிறது. முலுண்டில் தெருவுக்குத் தெரு தகரத் தடுப்புகள் எழுந்துகொண்டிருக்கின்றன. பில்டரோடு போடும் ஒப்பந்தத்தில் மாத வாடகை, சாமான் ஏற்றி இறக்கும் செலவு, தரகு, கார்பஸ், கார் நிறுத்துமிடம் எல்லாம் பக்கம் பக்கமாக வருகின்றன. கட்டடத்தில் எத்தனை பூனை, எத்தனை நாய் என்று ஒரு வரி வருவதில்லை. பட்டினி கிடக்கும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றம்தான். முதல் முறை செய்தால் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. அந்தத் தொகைக்கு யாரும் பயப்படப் போவதில்லை.

ஆகவே சட்டத்தை நம்பாமல் பொதுக்குழுவை நம்பலாம். சாவியை ஒப்படைக்கும் தேதி முடிவாகும் கூட்டத்திலேயே விலங்குகளின் பட்டியலையும் எடுங்கள். எதை யார் அழைத்துப் போகிறார்கள், எதற்கு வீடு தேட வேண்டும், கருத்தடையும் தடுப்பூசியும் யார் பொறுப்பு, கிழடுகளின் ரத்தப் பரிசோதனைக்கு எந்தக் கணக்கிலிருந்து பணம் என்று எழுதிக் கையெழுத்து போடுங்கள். லாபியில் பதிக்கப்போகும் பளிங்கில் சில சதுர அடியைக் குறைத்தால் அந்தச் செலவு முடிந்துவிடும். கட்டடத்தின் வயதானவர்கள் எல்லோருக்கும் போக இடம் முடிவான பிறகு ஜேசிபி வரட்டும்.