பட்டதாரி துடைப்பம் கேட்டான், அதையும் பறித்தார்கள்!

"படித்த பையன்களுக்குச் சர்க்கார் உத்தியோகப் பைத்தியம் பிடித்துவிட்டது. உடம்பு வளைந்து உழைக்க மனமில்லை. மேசையும் நாற்காலியும் கேட்கிறார்கள்." இப்படி உபதேசம் செய்யும் கனவான்கள் பெருத்துவிட்டார்கள். இவர்களுக்கு நாம் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். ஏனென்றால் அந்தப் பையன்கள் நம்முடைய பிள்ளைகள்!

மதுரை காளவாசல் முக்கில் காலை நேரத்தில் நின்று பாருங்கள். உசிலம்பட்டி, செக்கானூரணிப் பக்கமிருந்து தேனி ரோட்டில் வரும் பஸ்களில் கொத்தனார் இருக்கிறார், சித்தாள் இருக்கிறார், எம்.ஏ. படித்த பெண்ணும் இருக்கிறாள். களை பறித்த கூலியிலும் மில் சம்பளத்திலும் மிச்சம் பிடித்துத்தான் அவளைப் படிக்க வைத்தோம். காளவாசல் என்றால் சூளை. சூளையில் வெந்த செங்கலுக்குச் சுவரில் இடம் உண்டு. படித்து வெந்த நம் பிள்ளைக்கு எங்கே இடம்?

குரூப் 4 பரீட்சையைப் பாருங்கள். பத்தாவது தேறினால் போதும் என்ற இளநிலை உதவியாளர், கிராம நிர்வாக அலுவலர் போன்ற வேலைகள். 2022-ல் 7,301 இடங்களுக்கு 22 லட்சம் பேர் மனுப் போட்டார்கள். ஒரு நாற்காலிக்கு 300 பேர்! 2025-ல் இடங்கள் 3,935. மனுக்களோ ஏறக்குறைய 13 லட்சத்து 89 ஆயிரம். ஒரு நாற்காலிக்கு 350 பேர்!

சரி, நாற்காலிதான் வேண்டும் என்று அடம் பிடித்தார்களா? அதுவும் பொய். 2019 நவம்பரில் கோவை மாநகராட்சி 549 துப்புரவுத் தொழிலாளர்களை எடுக்க அழைப்பு விடுத்தது. சுமார் 7,000 பேர் திரண்டார்கள். பொறியியல் படித்தவர்களும் பட்டதாரிகளும் வரிசையில் நின்றார்கள். காண்டிராக்டரிடம் பத்தாண்டு காலமாகக் குப்பை அள்ளிய தொழிலாளிகளும் அதே வரிசையில் நின்றார்கள். எதற்காக? தொடக்கச் சம்பளம் 15,700 ரூபாய், அதோடு வேலை நிரந்தரம். உழைக்க மறுக்கிறான் என்று சொன்ன கனவான்களே, துடைப்பத்துக்கு வரிசையில் நின்றவன் யார்?

துடைப்பம் பிடிப்பதில் கேவலம் ஒன்றுமில்லை. ஒரு சில சாதிகளின் தலையில் மட்டும் அதைக் கட்டி வைத்ததுதான் கேவலம். நிரந்தர வேலை, நியாயமான சம்பளம் என்றவுடன் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் வந்து நின்றதைப் பார்த்தோம் அல்லவா?

சர்க்கார் என்ன செய்தது? அந்தக் கதவையும் சாத்தியது! 2022 அக்டோபரில் அரசாணை 152 வந்தது. சென்னை நீங்கலான மாநகராட்சிகளில் துப்புரவு முதலான வேலைகளை வெளியாளுக்குக் குத்தகை விட வழி செய்தது. மேலே நாற்காலி குறைந்தது. கீழே துடைப்பம் காண்டிராக்டர் கைக்குப் போனது.

"பணமில்லை" என்கிறார்கள். வேலை குறைந்துவிட்டதா? 72 வார்டாக இருந்த மதுரை 2011-ல் 100 வார்டானது. தெரு பெருகியது, சாக்கடை பெருகியது, நாம் கட்டும் வரியும் பெருகியது. காண்டிராக்டருக்குக் கொடுக்கும் பணம் மட்டும் வானத்திலிருந்து விழுகிறதா? அதுவும் நம் வரிப்பணம்தான். நடுவில் அவன் தன் லாபத்தை எடுத்துக்கொள்கிறான். மிச்சம் மீதிதான் தொழிலாளிக்கு!

தோழர்களே! "படித்தவன் வந்து உன் பிழைப்பைப் பறிக்கிறான்" என்று துப்புரவுத் தொழிலாளியிடம் சொல்வார்கள். "குப்பை அள்ளவா படித்தாய்?" என்று பட்டதாரியைக் குத்துவார்கள். இருவரும் முட்டிக்கொண்டால் காண்டிராக்டருக்குக் கொண்டாட்டம். மில்லில் பதிலி ஆளையும் நிரந்தர ஆளையும் மோதவிட்ட முதலாளியை நாம் அறியாதவர்களா? அதே சூழ்ச்சிதான் இது.

வார்டு கவுன்சிலரும் ஊராட்சித் தலைவரும் ஓட்டுக் கேட்டு வரும்போது நாம் ஒன்றே ஒன்று கேட்போம்: ஆண்டு முழுவதும் நடக்கும் வேலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டாமா?

காலியிடங்களை நிரப்பு! குப்பை அள்ளி வருகிறவர்களை முதலில் நிரந்தரமாக்கு! நம் பிள்ளைகளுக்கு வேலை கொடு! நிரந்தர வேலைக்கு நிரந்தரத் தொழிலாளி!