எவருடைய குறும்பார்வை?

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கலியாணப் பேச்சு நடக்கும் சில வீடுகளிலே இன்று சீதனத்தோடு இன்னொரு செலவும் சேர்ந்துவிட்டது. பெண் மூக்குக்கண்ணாடி அணிபவளாயின், பொன்னுருக்குக்கு முன்னரே அவளுடைய கண்ணுக்கு லேசர்ச் சத்திரசிகிச்சை செய்துவிட வேண்டுமாம். மாப்பிள்ளையின் கண்ணாடியை எவரும் பொருட்படுத்துவதில்லை. அது அவருடைய படிப்பின் அடையாளமன்றோ!

இதனை நாம் கண்டித்தபோது நண்பர் சிலர் எம்மை விஞ்ஞான விரோதி என்றனர். அவ்வாறன்று. இச்சிகிச்சைக்கு அடிப்படையான கண்டுபிடிப்பிலே முன்னின்றவர் 1929இல் சென்னையிலே பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்திலே பயின்ற ரங்கசாமி சீனிவாசன் என்பதை நாம் பெருமையுடனேயே வகுப்பிலே சொல்லிவருகிறோம். 1981ஆம் ஆண்டு நவம்பரிலே, விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டை ஆய்வுகூடத்துக்குக் கொண்டு சென்று, புறஊதா லேசர்க் கதிர் அயலிலுள்ள இழையத்தைக் கருக்காமல் வெட்டுவதை அவரும் உடனாய்வாளரும் கண்டனர். 1983இல் கண் வைத்தியர் ஸ்ரீபன் ரொக்கலுடன் சேர்ந்து அதனை விழிவெண்படலத்திலே பயன்படுத்தும் வழி காட்டப்பட்டது. தடித்த கண்ணாடியின்றி எட்டடி தூரமும் காணமாட்டாத தொழிலாளி ஒருவனுக்கு இது பெரும் பேறு. எமது வழக்கு விஞ்ஞானத்தோடு அன்று. அதனை விலைகூறி விற்போரோடு.

அவர்கள் என்ன சொல்கின்றனர்? குறும்பார்வை "குணமாகிவிடும்" என்கின்றனர். உண்மை யாது? குறும்பார்வை பெரும்பாலும் கண்கோளம் அளவுக்கு மீறி நீள்வதால் உண்டாவது. லேசர், ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் தடிப்பே உள்ள விழிவெண்படலத்தைச் சீவி, அதன் வளைவை மாற்றுகிறது. நீண்ட கண் நீண்டபடியே இருக்கும். விழித்திரை கழன்றுவிடும் அபாயமும் அவ்வாறே இருக்கும். நாற்பதைத் தாண்டியதும் வாசிப்பதற்கு வேறொரு கண்ணாடி வேண்டியிருக்கும். இவற்றை விளம்பரப் பலகை பேசாது.

சிகிச்சைக்குப் பின் சுவரிலே தொங்கும் எழுத்துப் பலகையின் 6/6 வரிசையை வாசித்துவிட்டால் வெற்றி என்று எழுதப்படுகிறது. எம்முடன் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் அவ்வரிசையைத் தடையின்றி வாசிக்கிறார். ஆயின் மாலை ஆறரைக்குப் பின் காலி வீதியைத் தனியே கடக்க அவரால் முடிவதில்லை. வரும் ஒவ்வொரு வாகன விளக்கைச் சுற்றியும் ஓர் ஒளிவட்டம். எது பேருந்து, எது முச்சக்கரவண்டி என்று பிரித்தறிய இயலாது. கண் வறண்டு, விடைத்தாள் திருத்தும்போது அரைமணிக்கொரு முறை மருந்துத் துளி விடுகிறார். தனியார் ஆஸ்பத்திரியிலே முறையிட்டபோது, "உங்கள் பார்வை பூரணமாக உள்ளது" என்று அனுப்பிவிட்டனராம். அவர் கையொப்பமிட்ட சம்மதப் படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் வைத்தியர் கிறீன் சத்திரவைத்தியத்தைத் தமிழிலே கற்பித்தார். இன்று ஒரு பக்கப் படிவத்தைத் தமிழில் அச்சிட முடியவில்லை.

ஒருவருடைய துன்பத்தைக் கொண்டு எல்லாவற்றையும் அளக்கலாமா என்பர். அளக்க வேண்டாம். அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமும் கடற்படையும் கண் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து நடத்தி, 2017இல் வெளிவந்த ஆய்வை எடுத்துக்கொள்வோம். பங்குபற்றியோரில் 95 வீதத்துக்கு மேற்பட்டோர் தம் பார்வையிலே திருப்தி தெரிவித்தனர். இதை மறைப்பது நேர்மையாகாது. எனினும், முன்னர் ஒளிவட்டம், கூச்சம் முதலிய தொல்லை எதுவுமே இல்லாதிருந்தவர்களில் 46 வீதம் வரையிலானோருக்கு மூன்று மாதத்தின் பின் புதிதாக ஏதேனும் ஒன்று தோன்றியிருந்தது. அன்றாட அலுவல் முற்றாகக் குலைந்தவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவே. ஆனால் அந்த ஒருவர் எங்கே முறையிடுவார்? அவ்வாய்வே இன்னொன்றையும் காட்டிற்று: வைத்தியரிடம் சொல்வதைக் காட்டிலும் இரு மடங்குக்கு மேலாக மக்கள் தம் தொல்லைகளை வினாத்தாளிலேதான் எழுதினர். வைத்தியர் கேட்பதில்லை, நோயாளி சொல்வதில்லை, கணக்கு மட்டும் வெற்றியாக ஏறுகிறது.

(இந்நாட்டிலே விழிவெண்படலத்துக்கு வேறொரு சரித்திரமும் உண்டு. 1961இல் ஹட்சன் சில்வா நிறுவிய கண்தானச் சங்கத்தின் மூலம், இறந்தோரின் ஆயிரக்கணக்கான விழிவெண்படலங்கள் உலகெங்கும் சென்று குருடருக்கு ஒளி தந்தன.)

சரி, இத்தனை பிள்ளைகளுக்கு இக்கண் எவ்வாறு வந்தது? பரம்பரை ஒரு காரணம். ஆனால் வெளிச்சத்துக்கும் இதிலே பங்குண்டு. சீனாவின் குவாங்சோ நகரப் பாடசாலைகளிலே முதலாம் வகுப்புப் பிள்ளைகளை நாளொன்றுக்கு 40 நிமிடம் மேலதிகமாக வெளியிலே விட்டுப் பார்த்தனர். மூன்றாண்டின் பின், வெளியே விடப்படாதோரில் 39.5 வீதத்தினருக்குப் புதிதாகக் குறும்பார்வை உண்டாயிற்று, விடப்பட்டோரில் 30.4 வீதத்தினருக்கே உண்டாயிற்று. இம்முடிவு 2015இல் வெளிவந்தது. இதற்குச் சூரியன் கட்டணம் அறவிடவில்லை.

எங்கள் பிள்ளைகளோ விடியுமுன் ரியூசன், பின்னர் பாடசாலை, மாலையில் மீண்டும் ரியூசன், இரவு அடுக்குமாடியின் அறை என்று வாழ்கின்றனர். வெள்ளவத்தையிலே கடல் இருக்கிறது. அதனைப் பார்க்கும் நேரம் பிள்ளைக்கு இல்லை. பத்து வயதிலே கண்ணைக் கெடுத்து, இருபத்தைந்து வயதிலே அதனைத் திருத்தப் பணம் கேட்கும் இந்த ஏற்பாட்டிலே முதல் பாதியை நடத்துபவர்கள் ஆசிரியர்களாகிய நாமே. இவ்வளவும் எழுதும் நாமும் சனிக்கிழமைகளிலே, யன்னல் திறக்க முடியாத மூன்றாம் மாடி அறையொன்றிலே, ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் மாணவருக்கு மூன்று மணிநேரம் தமிழ் கற்பிக்கிறோம்.

அடுத்த கிழமை பெற்றோரை அழைத்திருக்கிறோம். வகுப்பை ஒன்றரை மணியாகக் குறைத்து, கட்டணத்தையும் பாதியாக்கி, மீதி நேரத்துக்குப் பிள்ளைகளைக் கடற்கரைக்கு அனுப்பச் சொல்லப்போகிறோம். சிலர் தம் பிள்ளைகளை அடுத்த ஒழுங்கையிலுள்ள வகுப்புக்கு மாற்றிவிடுவர் என்பது எமக்குத் தெரியும்.